மூத்தோருக்கான தேசிய ஓரியன்ரீரிங் தொடர்: வன்னிச் சுற்று தொடர்பான கோரிக்கை மனு

செயலாளர்,
விளையாட்டுத்துறை அமைச்சு,
கொழும்பு.

ஊடாக: மாவட்டச் செயலாளர், முல்லைத்தீவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

35 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தேசிய ஓரியன்ரீரிங் தொடரொன்றை அமைத்தலும் அதன் ஒரு சுற்றை வன்னியில் நடத்தலும்

வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொண்டு, நிலத்தில் நாட்டிய கொடிகளை வரிசைப்படி கண்டுபிடித்து ஓடி முடிப்பதே ஓரியன்ரீரிங். 1961இல் உருவான சர்வதேச சம்மேளனத்தின் விதிப்படி மூத்தோர் பிரிவு 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வயதாக மேலே போகிறது. உலகப் போட்டியில் எண்பது வயதினரும் ஓடுகிறார்கள். இங்கும் ஆண்டுக்கு ஐந்து சுற்றுகள் கொண்ட தொடரொன்றை அமைத்து, அதில் ஒன்றை வன்னிக்குத் தருமாறு வேண்டிக்கொள்கிறோம்.

ஐந்தில் சிறந்த மூன்று சுற்றுகளின் புள்ளிகளை மட்டும் கணக்கில் எடுப்பதே பொருத்தம். முல்லைத்தீவிலிருந்து பண்டாரவளைக்கு இரவு முழுவதும் பஸ்ஸில் போய் வரும் ஒருவரை ஐந்துக்கும் வரச் சொல்வது நியாயமல்ல. தடம் அமைப்பவர் அந்தச் சுற்றில் ஓட முடியாது. ஆகவே அவருடைய ஏனைய சுற்றுகளின் சராசரியை அவருக்கு வழங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலைக்கு ஒருவரும் முன்வரமாட்டார்கள்.

முதலாமவரின் நேரத்தை ஓடியவரின் நேரத்தால் வகுத்து 1000ஆல் பெருக்குவது வழமையான புள்ளிமுறை. ஆட்கள் குறைவான இடத்தில் இது பிழைக்கும். இரண்டு பேர் மட்டுமுள்ள பிரிவில் முந்தியவருக்கு 1000 சும்மா கிடைக்கும். மிக வேகமான ஒருவர் ஒரு சுற்றுக்கு மட்டும் வந்து போனால் மற்ற எல்லோருடைய புள்ளியும் அந்தச் சுற்றில் சரியும். ஆகவே முதல் மூவரின் சராசரி நேரத்தை, பிரிவுவாரியாக அல்லாமல் தடவாரியாக, அடிப்படையாகக் கொள்ளலாம். தொடக்கத்தில் 35, 45, 55, 65 என நான்கு பிரிவுகள் போதும். தூரம் முறையே 5, 4, 3, 2 கிலோமீற்றர். பெண்களுக்கு ஒரு படி குறைந்த தடம், 65 பிரிவுக்கு மட்டும் அதே 2 கிலோமீற்றர்.

தூரத்தைக் குறைக்கலாம், கடினத்தைக் குறைக்கக்கூடாது. வயதானவர்கள்தானே என்று எல்லாக் கொடிகளையும் வண்டில் பாதையோரம் வைத்துவிட்டால் வரைபடத்துக்கே வேலையில்லை. முழங்கால் தளர்ந்தாலும் நிலத்தை வாசிக்கும் புத்தி தளர்வதில்லை.

கண் தளரும். ஆகவே மூத்தோருக்கு 1:10,000, 55க்கு மேற்பட்டோருக்கு 1:7,500 அளவுத்திட்டத்தில் படம் வேண்டும். 1:15,000 படத்திலிருந்து பெருப்பிக்கும்போது குறியீடுகளும் அதே விகிதத்தில் பெருக்க வேண்டும். 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தெரிவோடு அச்சிட்டால் படம் சத்தமில்லாமல் சுருங்கிவிடும். ஒவ்வொரு அச்சிலும் அளவுக்கோட்டை அடிமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். பாடசாலையில் படிக்கும் 1:50,000 இடவிளக்கப்படம் இதற்கு உதவாது. அதன் 20 மீற்றர் சமவுயரக் கோட்டுக்குள் வன்னியின் ஒரு குளக்கட்டுகூட அகப்படாது. இங்கு 2.5 மீற்றர் இடைவெளி தேவை. வாய்க்கால்களும் யானை மின்வேலிகளும் கடக்கக்கூடாதவையாகக் குறிக்கப்பட்டு, கடக்கும் இடங்கள் தனியே காட்டப்பட வேண்டும். திசைகாட்டி வாங்கும்போதும் கவனம் தேவை: வட ஐரோப்பாவுக்கெனச் சமப்படுத்திய ஊசி இங்கு ஒருபக்கம் சரிந்து கூட்டில் உரசி நிற்கும்.

மிதிவெடி விடயத்தில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. வேறு விளையாட்டுக்கு மைதானம் துப்புரவானால் போதும். இங்கு இரண்டு கொடிகளுக்கிடையே எந்தக் கோட்டில் போவது என்பதை ஓடுபவரே தீர்மானிக்கிறார், வழியும் தவறுகிறார். பாதை துப்புரவாக்கப்பட்டது என்ற உறுதி இதற்குக் காணாது. படத்தின் முழுப் பரப்புக்கும், அதைச் சுற்றி 300 மீற்றருக்கும் விடுவிப்புச் சான்று இருக்க வேண்டும். சான்று இல்லாத காட்டில் ஒரு கொடியும் வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகள் பாடசாலை வளவுகளிலும் ஊர் ஒழுங்கைகளிலும் 1:4,000 படத்தில் குறுந்தடமாக நடத்தினாலும் போதும்.

வன்னிச் சுற்றுக்கு உகந்த காலம் மாசி. மாரி ஓய்ந்து, காலபோக அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும். வைகாசிக்குப் பின் வெயிலும் சோளகக் காற்றும் மூத்தோருக்கு ஆகாது; அந்த மாதங்களைப் பண்டாரவளைப் பக்கத்துக்குக் கொடுக்கலாம். யானை நடமாடும் விடியற்பொழுதைத் தவிர்த்து 7 மணிக்குத் தொடங்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக விட்டு, 10 மணிக்குத் தடத்தை மூட வேண்டும். இடையில் கைவிட்டவரும் முடிவிடத்துக்கு வந்து பெயர் கொடுத்தே தீரவேண்டும். அவர் நேரே வீட்டுக்குப் போய்விட்டால், தேடுபவர்கள் சூரையும் ஈச்சையும் அடர்ந்த பற்றைக்குள் பொழுதுபட அலைவார்கள். ஒவ்வொருவரிடமும் விசில் இருக்க வேண்டும். விரியன் கடிக்கு விஷமுறிவு மருந்துள்ள வைத்தியசாலைக்கு வாகனம் தயாராக நிற்க வேண்டும்.

நாங்கள் மிகவும் வற்புறுத்துவது இது. சர்வதேச சம்மேளனம் ஏற்றுக்கொண்ட நான்கு வகைகளில் ஓடத் தேவையில்லாத வகை ஒன்றுண்டு. போட்டியாளர் பாதையில் நின்றபடி அல்லது சக்கர நாற்காலியில் இருந்தபடி தூரத்தே தெரியும் பல கொடிகளைப் பார்ப்பார். அவை இடமிருந்து வலமாக எழுத்துகளால் குறிக்கப்படும். படத்திலுள்ள வட்டத்தின் நடுவில் நிற்பது எது என்று சொல்ல வேண்டும்; எதுவுமில்லை என்பதும் சரியான விடையாகலாம். போரில் கால் இழந்து இன்று நாற்பதும் ஐம்பதும் கடந்த எத்தனையோ பேர் வாழும் மண்ணில், இந்த வகை ஒவ்வொரு சுற்றிலும் சம தகுதியோடு இடம்பெற வேண்டும். வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்களின் கட்டுகள் இதற்கு வாய்ப்பானவை: மேலே நின்றால் ஒருபக்கம் அலைகரை, மறுபக்கம் வயலும் வாய்க்காலும் விரிந்து தெரியும்.

எனவே, தொடரின் விதிகளை வகுக்கும் குழுவில் மூத்தோரையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்க்குமாறும், வனம், வனஜீவராசிகள், நீர்ப்பாசனம், மிதிவெடி அகற்றல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான நிறுவனங்களையும் கமக்காரர் அமைப்புகளையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்க மாவட்டச் செயலாளரைப் பணிக்குமாறும், முதலாவது வன்னிப் படத்தைக் களத்தில் வரைவதற்கு இருவருக்குப் பயிற்சி வழங்குமாறும் தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம். மாசியில் போட்டி என்றால் படவேலை முந்திய ஆவணிக்குள் முடியவேண்டும். மாரி தொடங்கினால் காட்டுக்குள் அளக்க முடியாது.

இங்ஙனம்,
வன்னிப் பகுதி மூத்தோர் ஓரியன்ரீரிங் ஆர்வலர்கள்