நீலக்குறியின் விலை எட்டு டாலர்

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 அக்டோபரில் ட்விட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்கிய எலான் மஸ்க், அடுத்த சில நாட்களிலேயே ஏறக்குறைய பாதி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார். அதைவிடப் பெரிய கேடு, ‘இந்தக் கணக்கு உண்மையானவருடையதுதான்’ என்று சரிபார்த்துத் தரப்பட்டுவந்த நீலக்குறியை மாதம் 8 டாலருக்கு விற்றது. அந்த நவம்பரிலேயே எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் யாரோ காசு கட்டி நீலக்குறி வாங்கி, ‘இன்சுலின் இனி இலவசம்’ என்று பதிவிட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. சர்க்கரை நோயாளிகளிடமா விளையாட்டு?

2015 வெள்ளத்தில், படகு எங்கே, சோறு எங்கே என்று தவித்த சென்னைக்குக் கைகொடுத்த தளம் இது. பெயரை எக்ஸ் என்று மாற்றியது கூடப் போகட்டும். மழைக்கால அவசர அறிவிப்புகளுக்கு நம் அதிகாரிகள் இதையே நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

- வாசகர், சென்னை