யார் வாசித்தார்கள் என்று ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும் கோயில் திருவிழாச் செய்திகளை விடாமல் படிக்கிறவன் நான். சுவாமி எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எந்த வாகனம், என்ன அலங்காரம், உபயதாரர் யார், வடம் பிடித்துத் தொடங்கி வைத்தவர் யார், எல்லாம் இருக்கும். நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும் எங்கள் பங்கு மட்டும் 'மேளதாளம் முழங்க' என்பதோடு முடிந்துவிடும். யார் வாசித்தார்கள், என்ன ராகம் வாசித்தார்கள் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள் எனக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே ஒரு கிராமத்தில் நாதஸ்வரம் வாசித்து வருகிறேன். கோயிலில் என்ன நடக்கிறது என்பதை எங்கள் பக்கம் மேளம்தான் ஊருக்குச் சொல்லும். கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்கிற நாதஸ்வர உருப்படி எழுந்தால் சுவாமி புறப்பாடு. மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் போகும்போது தளிகை மல்லாரி, அபிஷேகத்துக்குத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, தேருக்கு எழுந்தருளும்போது தேர் மல்லாரி. பள்ளியறைக்கு நீலாம்பரி ராகம். என் அப்பாயி திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டே, "தளிகை போவுது, ஓடுடா" என்று என்னை விரட்டும். ஸ்வரம் ஒன்றும் படித்ததில்லை, காதுதான்.

எனக்கு முதலில் கையில் கொடுத்தது ஒத்து. விரலுக்கு வேலையே இல்லாத குழல். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்து, சுருதி அறாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்தில் பெரியவர்கள் ராகத்தை விரிக்க விரிக்க, அது தானாக உள்ளே இறங்கியது. இன்று அந்த இடத்துக்குச் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. ஒத்துப் பிடித்துக் கேட்டே வளரும் அந்தப் படிப்பு போனதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

எனக்கு உயிர் தோடி ராகம்தான். நாயனம் என்று நாங்கள் சொல்லும் நாதஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளை, சாவி எதுவும் கிடையாது. துளையை முழுக்கத் திறக்காமல் விரல் நுனியை லேசாகப் பெயர்த்து, வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டால் அழுத்தி, காற்றைத் தணித்தால்தான் தோடியின் காந்தார ஸ்வரம் அசைந்து நிற்கும். "காந்தாரத்தைக் குத்தாதே, தடவு" என்பார் எங்கள் வாத்தியார். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைப் போட்டுவிட்டு, அது முடியும்வரை அவர் யாரிடமும் பேசமாட்டார்.

அந்த மேதைக்காகத்தான் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் பிசகாமல் பேசும் பாரி நாயனத்தைக் கடைந்து கொடுத்தார். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இடித்த பழைய வீடுகளின் ஆச்சா மரத்தை வாங்கி வந்து எப்படிக் கடைகிறார்கள் என்று பத்திரிகைகள் அழகாக எழுதின. படித்து மகிழ்ந்தேன். அதே அக்கறை அதை ஊதுகிறவர்கள் மேலும் இருக்கட்டும்.

ரக்தி என்று ஒன்று உண்டு. அதற்குச் சாகித்தியமே, அதாவது பாட்டு வரிகளே கிடையாது. நாயனமும் தவிலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வேகத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும். செம்பனார்கோவில் ராமசாமிப் பிள்ளை அதற்கே பெயர் போனவர். விடிய விடிய வீதி சுற்றிய காலத்தில் மணிக்கணக்கில் வாசித்தது, இப்போது அவசரப் புறப்பாட்டில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. எங்கேயாவது ஒரு சன்னதித் தெருவில் இன்றைக்கும் ஒருவர் அதை எடுத்து வாசித்தால், சந்தனக்காப்பு எவ்வளவு செய்தியோ அவ்வளவு செய்தி அதுவும். பக்கத்து ஊர்க்காரர் காலையில் படித்துவிட்டு, மறுநாள் புறப்பாட்டுக்குக் கிளம்பி வருவார். தீபாராதனை முடிந்ததும் கலையாமல் நின்று கேட்கும் பத்துப் பேர் எங்களுக்குப் பெரிய பலம்.

தங்கள் நிருபர்களுக்கு இதில் கூடுதல் வேலை ஒன்றுமில்லை. சுவாமி மண்டபப்படியில் நிற்கும்போது எங்களிடம் வந்து கேட்டால் ராகத்தையும் நாயனக்காரர், தவில்காரர் பெயர்களையும் சொல்லிவிடுவோம். இடம் இருந்தால் தாளம் போடுகிற பையனின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நாதஸ்வரக் கலைஞர் ஒருவர்,
திருவிடைமருதூர் வட்டம்.