ஸ்டியரிங் பாக்ஸில் இல்லாத ஆட்டத்துக்கு ஸ்டியரிங் பாக்ஸை மாற்றியது குறித்து ஒரு புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: என் பழைய பிக்கப் வண்டியின் முன்பக்கத்தைச் சோதிக்காமலே பாகம் மாற்றியதும், ஸ்ப்ளிட் பின் (நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே மாட்டும் சின்னக் கம்பி) போடாமல் வண்டியை ஒப்படைத்ததும்

வணக்கம்.

என்னுடையது 22 வருடப் பிக்கப், 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இவ்வளவு ஓடிய வண்டியில் தேய்மானம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், புது வண்டி மாதிரி ஆக்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் உங்கள் சர்வீஸ் சென்டரில் விட்டேன். மூன்று முறை விட்டேன், மூன்று முறையும் அது நடக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றும் நடந்திருக்கிறது, ஸ்ப்ளிட் பின் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். முழுக் கடிதத்தையும் படிக்க நேரமில்லை என்றால் அந்த ஒரு பத்தியையாவது படித்துவிடுங்கள்.

முதல் முறை வந்தபோது கவுண்டரில் மூன்று விஷயம் சொன்னேன். ஸ்டியரிங் வீல் நடுவில் மூன்று விரல் அளவு சும்மா ஆடுகிறது, அதற்கப்புறம்தான் சக்கரம் திரும்புகிறது, அதனால் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் நேரான ரோட்டில்கூட வண்டி அலைபாய்கிறது, நான் விடாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முன்பக்கத்தில் டக்கென்று ஒரு சத்தம் வருகிறது. ஓட்டுநருக்கு மறுபக்கத்து முன் டயர் உள்விளிம்பில் மட்டும் மொட்டையாகிறது. ஜாப் கார்டில் எழுதப்பட்டது "ஸ்டியரிங் ப்ளே" என்ற இரண்டே வார்த்தை. சத்தமும் டயரும் அதில் வரவே இல்லை. ஒரு நல்ல மெக்கானிக்குக் காரணத்தைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடியவை அந்த இரண்டும்தான்.

நான்கு நாள் கழித்து, ஸ்டியரிங் பாக்ஸ் (வீலைத் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) போய்விட்டது, மாற்றிவிட்டோம், வீல் அலைன்மெண்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) செய்துவிட்டோம் என்றார்கள். எடுத்துக்கொண்டு போனேன். அதே மூன்று விரல் ஆட்டம், அதே டக். புது பாக்ஸ் போட்ட பிறகும் ஆட்டம் துளியும் குறையவில்லை என்றால் ஆட்டம் பாக்ஸில் இருந்ததே இல்லை என்று அர்த்தம், இதைப் புரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

அலைன்மெண்ட் செய்து கொடுத்த தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, இரண்டு பக்கமும் பச்சையில், சரியான அளவில் இருக்கிறது. மறுபக்கத்துச் சக்கரத்தின் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்து நிற்கும் அளவு மட்டும் வேலைக்கு முன்னும் சிவப்பு, வேலைக்குப் பின்னும் சிவப்பு, அதே எண். ஒரு சக்கரத்தின் தலை மட்டும் அப்படி உள்ளே சாய்ந்து நிற்கிறதென்றால் அங்கே ஏதோ தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது என்றுதானே பார்க்க வேண்டும்? முன்பக்கத்தில் ஆட்டம் இருக்கும்போது அலைன்மெண்ட் செய்வதே வீண் வேலை, மெஷினில் நிற்கும்போது ஒரு அளவு காட்டும், ரோட்டில் இறங்கியதும் வேறு அளவாகிவிடும். உங்கள் மெஷினே தவறைச் சிவப்பில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது, அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது முறை வந்தேன். பாக்ஸின் மேலே இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டார்கள். வீல் கெட்டியான மாதிரி இருந்தது, ஆனால் வளைவில் திரும்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரவில்லை, நான்தான் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த ஸ்க்ரூ பாக்ஸுக்குள் இருக்கும் பல்சக்கர இடைவெளிக்கானது. வெளியே இருக்கும் ஆட்டத்தை அதைக் கொண்டு மறைக்கப் பார்த்தால் பாக்ஸ் நடுவில் பிடித்துக்கொள்ளும், பல்லும் சீக்கிரம் தேயும். புதிதாகப் போட்ட பாகத்தையே கெடுக்கிற வேலை அது. மூன்றாவது முறை வந்தபோது "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த வார்த்தை எனக்கு உண்மையிலேயே வலித்தது. இந்த வண்டியில்தான் என் பிள்ளைகளும் வருகிறார்கள்.

சரி, நானே பார்க்கிறேன் என்று அந்த வார ஞாயிற்றுக்கிழமை என் தம்பியை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தேன். வண்டியைத் தூக்கவில்லை, நான்கு சக்கரமும் தரையில், எடை முழுவதும் டயரில், பவர் ஸ்டியரிங் என்பதால் இன்ஜின் ஓட்டத்தில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டையும் வைத்து. அவன் வீலை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே இருந்தான். நான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் பார்த்துக்கொண்டு போனேன். பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் திரும்பியதும் பாக்ஸிலிருந்து வெளியே வரும் கையான பிட்மேன் ஆர்ம் உடனே நகர்கிறது, ஆக பாக்ஸில் குறை இல்லை. பாக்ஸ் வண்டியின் சட்டமான சேஸிஸில் உட்காரும் போல்ட்டுகளும் அசையவில்லை. அந்த அசைவை இரண்டு சக்கரத்துக்கும் கொண்டுபோகும் குறுக்குத் தண்டான சென்டர் லிங்க்கின் ஓட்டுநர் பக்க முனை பக்கவாட்டில் போகிறது, ஆனால் மறுமுனை பக்கவாட்டில் போவதற்கு முன்னால் மேலும் கீழும் எழும்பி இறங்குகிறது. அந்த முனையைத் தாங்குவது ஐட்லர் ஆர்ம். அதன் மூட்டுக்குள் இருக்கும் வளையமான புஷ் முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. வீலில் நான் கொடுக்கும் முதல் மூன்று விரல் அந்த ஆர்ம் எழும்பி இறங்குவதிலேயே செலவாகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பத்து நிமிடம் ஆனது. கருவி எதுவும் தேவைப்படவில்லை, ஒரு டார்ச் லைட்டும் வீலைப் பிடிக்க ஒரு ஆளும் போதும்.

அப்புறம் அந்த டக் சத்தம். முதல் முறை உங்கள் மெக்கானிக் பையன் சோதித்ததை நான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சேஸிஸுக்குக் கீழே ஜாக்கி கொடுத்துத் தூக்கி, தொங்கும் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, டைட்டாக இருக்கிறது என்றார். இந்த வண்டியில் காயில் ஸ்பிரிங் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸைத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அழுத்திக்கொண்டேதான் இருக்கும், அந்த ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான கீழ் பால் ஜாயிண்ட் இறுகிய நிலையில் நிற்கும், எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கைக்குத் தெரியாது. ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் கொடுத்துத் தூக்க வேண்டும். நாங்கள் அப்படித் தூக்கி, சேஸிஸுக்கு ஸ்டாண்டும் கொடுத்து, டயருக்கு அடியில் கடப்பாரை விட்டு நெம்பினோம். சக்கரம் அப்படியே மேலே ஏறி இறங்கியது, ஆர்முக்கும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நக்கிளுக்கும் நடுவில் இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது. வீல் பேரிங்காக இருக்குமோ என்று சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிக்கொண்டே தம்பியைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பேரிங் லூஸாக இருந்தால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றிருக்கும். நிற்கவில்லை. சத்தமும், சாய்ந்த கேம்பரும், உள்விளிம்பில் மொட்டையான டயரும் மூன்றுமே அந்த ஒரு ஜாயிண்டிலிருந்து வந்தவை.

இப்போது அந்த ஸ்ப்ளிட் பின். பாக்ஸ் மாற்றும்போது பிட்மேன் ஆர்மை சென்டர் லிங்க்கிலிருந்து கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டிய இடத்தில் நட்டு இருந்தது, ஸ்ப்ளிட் பின் இல்லை. அறுந்து விழவில்லை, போடவே இல்லை, ஓட்டை சுத்தமாகக் காலியாக இருந்தது, நட்டில் ஸ்பேனர் தடம் புதிதாக இருந்தது. நான் பார்த்தபோது நட்டைக் கையாலேயே கால் சுற்றுத் திருப்ப முடிந்தது. அது முழுசாகக் கழன்றிருந்தால் ஒரு சக்கரம் இல்லை, இரண்டு சக்கரத்துக்கும் ஸ்டியரிங்கோடு தொடர்பு போயிருக்கும். மேலே நான் வீலைத் திருப்பிக்கொண்டே இருந்திருப்பேன், வண்டி அதன் போக்கில் போயிருக்கும். இந்த நிலையில் நீங்கள் ஒப்படைத்த வண்டியை ஐந்து வாரம் ஓட்டியிருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் பைனல் இன்ஸ்பெக்‌ஷன் தாளில் "முன்பக்கம் சரிபார்க்கப்பட்டது" என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது.

வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து ஐட்லர் ஆர்மையும் இரண்டு பக்கக் கீழ் பால் ஜாயிண்டுகளையும் மாற்றினேன். பாக்ஸின் ஸ்க்ரூவைப் பழைய அளவுக்குத் தளர்த்தி, ஸ்ப்ளிட் பின் போட்டு, அதன் பிறகு அலைன்மெண்ட் செய்தார். இப்போது வீலில் அரை விரல் ஆட்டம்தான், வண்டி நேராகப் போகிறது, வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருகிறது. அதே 22 வருட வண்டிதான்.

நான் கேட்பது இவ்வளவுதான். தேவையில்லாமல் மாற்றிய ஸ்டியரிங் பாக்ஸுக்கும் அதற்கான கூலிக்கும் பயனில்லாமல் போன அலைன்மெண்டுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். என் பழைய பாக்ஸ் இன்னும் உங்களிடம் இருந்தால் அது எனக்கு வேண்டும், அதில் குறை இருந்தது என்று சொல்கிறீர்கள் என்றால் பிரித்து என் முன்னால் காட்டுங்கள். ஸ்ப்ளிட் பின் எப்படி விட்டுப்போனது, அந்தக் கட்டத்தில் டிக் போட்டவர் வண்டிக்குக் கீழே போய்ப் பார்த்தாரா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், அதே நாட்களில் உங்கள் சென்டரில் ஸ்டியரிங் வேலை நடந்த மற்ற வண்டிகளையும் கூப்பிட்டு நட்டும் பின்னும் சரியாக இருக்கிறதா என்று உடனே பாருங்கள், இதற்கு என் கடிதத்துக்குப் பதில் எழுதும் வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த மெக்கானிக் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு விஷயத்தை முடித்துவிடாதீர்கள். ஜாக்கியை எங்கே கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நீங்கள்.

கழற்றிய ஐட்லர் ஆர்ம், பால் ஜாயிண்டுகள், அலைன்மெண்ட் தாள், மூன்று ஜாப் கார்டு, ஸ்ப்ளிட் பின் இல்லாத மூட்டைக் கழற்றும் முன் எடுத்த புகைப்படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. பொறுப்பானவர் யாராவது வந்தால் காட்டுகிறேன். 15 நாளுக்குள் பதில் வரவில்லை என்றால் இவற்றை எடுத்துக்கொண்டு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்களிடம் மூன்று முறை வந்து திரும்பிய பிக்கப் வண்டியின் உரிமையாளர்