வேலைக்குத் திரும்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சீக்கிரமே வேலையில் சேரப்போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் நீ எழுதியிருந்த கடைசி வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது: "விட்டதையெல்லாம் முதல் மாதத்திலேயே ஈடுகட்டிவிடுவேன், அக்கா." அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ எடுத்தது நோய்க்கான விடுப்பு. யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை, வட்டியோடு திருப்பித் தரவும் வேண்டாம். உன்னைப் போலவே மனச்சோர்விலிருந்து மீண்டு வேலைக்குப் போனவள் நான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இந்த நோய் ஒரேயடியாக விலகுவதில்லை. பலருக்கு மனநிலை முதலில் தேறிவிடும். கவனமும் நினைவாற்றலும் முடிவெடுக்கும் வேகமும் பின்னால் மெதுவாகத்தான் வரும். ஒரு மின்னஞ்சலை மூன்று முறை படித்தும் தலையில் ஏறாது. கூட்டத்தில் நான்கு பேர் அடுத்தடுத்துப் பேசினால் யார் என்ன சொன்னார்கள் என்பது நிற்காது. 'குணமாகிவிட்டதே, அப்புறம் ஏன் இப்படி?' என்று பயம் வரும். வேலையைவிட அந்தப் பயம்தான் ஆளைக் களைப்பாக்கும். இது நோயின் மிச்சம், தம்பி. உன் திறமை எங்கும் போய்விடவில்லை. கொஞ்ச நாளைக்கு எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முயலாதே, எழுதி வை. கடினமான வேலையை உனக்குத் தலை தெளிவாக இருக்கும் நேரத்தில் செய்.

இரவில் போடும் சில மாத்திரைகள் காலையில் மந்தமாக்கும். மருத்துவரிடம் சொன்னால் நேரத்தையோ அளவையோ மாற்றித் தருவார். நீயாகக் குறைக்காதே. 'வேலைக்கே போகிறேன், இனி மாத்திரை எதற்கு' என்று ஒருநாள் தோன்றும். மனச்சோர்வு மருந்தை, அறிகுறிகள் நீங்கிய பிறகும் குறைந்தது 6 மாதங்களாவது தொடரச் சொல்வதே வழக்கம். சீக்கிரம் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். உனக்கு வேலைச்சுமை ஏறப்போவதும் இதே மாதங்களில்தான்.

அதனால்தான் சேருவதற்கு முன்பே மேலாளரிடம் பேசிவிடு என்கிறேன். முதலில் குறைந்த நேரம், அப்புறம் படிப்படியாக முழு நேரம். மருத்துவரைப் பார்க்கும் நாளில் அனுமதி. தொடக்கத்தில் இரவுப்பணி வேண்டாம். இதையெல்லாம் கேட்பது சலுகைக்குக் கையேந்துவது ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களே, மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கு ஏற்றபடி வேலையை மாற்றித் தர வேண்டும் என்று பரிந்துரைக்கின்றன. நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம். உன்னால் இப்போது எது முடியும், எதற்கு உதவி வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலும் பேச்சு நகரும். பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடு. மேலாளர்கள் மாறுவார்கள், வாய்ப்பேச்சு மறந்துபோகும்.

உடன் வேலை செய்பவர்கள் கேட்டால், "உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேறிவிட்டேன்" என்பது போதும். அதில் பொய் எதுவும் இல்லை. அதற்கு மேல் துருவுகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல நீ கடமைப்படவில்லை.

ஒரு மோசமான நாள் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டாதே. எல்லோருக்கும் அப்படி நாள் உண்டு. ஆனால் தூக்கம் தொடர்ந்து கெடுகிறது, சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறாய், தொலைபேசியை எடுக்கவே பிடிக்கவில்லை என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவரை அழை. போன முறை உனக்கு எது முதலில் கெட்டது என்பதை ஒரு தாளில் எழுதி, உன்னை அன்றாடம் பார்க்கும் ஒருவரிடம் கொடுத்து வை. நமக்குத் தெரிவதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மருத்துவரை அழைப்பதை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதே; அந்த நேரத்தில் தனியாகவும் இருக்காதே.

மேலாளரைச் சந்திக்கும் நாள் முடிவானதும் சொல். என்ன கேட்கப்போகிறாய் என்பதை அதற்கு முந்தின நாள் இருவரும் உட்கார்ந்து எழுதிவிடலாம்.

அன்புடன்,
அக்கா