அடியில் ஒரு வரிக்கு இடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், டாக்டர்கள் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் மாநாட்டுச் செய்தி போடுவதையே தடை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மாதிரிக் கார்டுகளைச் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன் நான். அதனால் என் பங்குக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருச்சி சாலை ரோட்டில் பத்தொன்பது வருடமாக டிசைன் கடை வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே தில்லைநகர், எந்தக் கிராஸில் நுழைந்தாலும் நாலு டாக்டர் போர்டு தெரியும். ஆரம்பத்தில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும்தான் பிழைப்பு. இப்போது வருமானத்தில் பாதி டாக்டர்கள் சங்கங்களிடமிருந்து வருகிறது. ஒரு மாநாடு என்றால் மூன்று மாதம் முன்பே ‘சேவ் தி டேட்’ கார்டு. அப்புறம் பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, வருகிற டாக்டருக்குக் கிடைக்கிற கிரெடிட் பாயிண்ட் எத்தனை என்று ஒன்று, இன்னும் பத்து நாள், இன்னும் ஐந்து நாள் என்று வரிசையாகச் சில. எல்லாம் 1080-க்கு 1080 பிக்சல் சதுரம். யார் போட்டோ பெரிது என்பதில் வருகிற தகராறுகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஒரு பேச்சாளர் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்துப் போட்டோவை அனுப்பினார். வாசலில் வரவேற்க நின்ற பையன் கார்டையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவரைப் பதிவு செய்கிற கியூவில் நிற்கச் சொல்லிவிட்டான். சரி, அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது மாநாடு முடிந்தபின் போகிற கார்டுகளைப் பற்றி. ‘புதிய ஆய்வு சொல்வது என்ன?’ என்கிற வகை.

2024 மார்ச் மூன்றாவது வாரம். அமெரிக்க இதய சங்கத்தின் கூட்டம் ஒன்று சிகாகோவில் நடந்தது. இங்கே ஒரு சங்கத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற இளம் டாக்டர் இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் விஷயத்தை அனுப்பினார். “அண்ணே, காலைல போட்டுரணும்” என்றார். அன்றாடச் சாப்பாடு முழுவதையும் எட்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்கிறவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 91 சதவீதம் அதிகம் என்பது செய்தி. கீழே மூன்று வரிகள்: இது முதற்கட்ட முடிவு, என்ன சாப்பிட்டார்கள் என்று இரண்டே நாட்கள்தான் கேட்டிருக்கிறார்கள், இதனால்தான் அது என்று சொல்ல முடியாது. நான் 91-ஐச் சிவப்பில், கார்டில் பாதி அளவுக்கு வைத்தேன். ஒரு தட்டு, ஒரு கடிகாரம், ஒரு இதயம். மூன்று வரி இடித்தது. “சார், கீழே இருக்கிறது நிக்கல” என்று அனுப்பினேன். “மெயின் மேட்டர் வந்தா போதும்ணே” என்று பதில் வந்தது. அழித்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை.

அது ரமலான் மாதம். என் கடைக்கு அடுத்த கடை ஜெராக்ஸ், லேமினேஷன் வைத்திருக்கிற பாயுடையது. ஐம்பத்தைந்து வயது, சர்க்கரை உண்டு. பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நோன்பு விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். கார்டு போன மூன்றாம் நாள் சாயங்காலம், நோன்பு திறக்க இன்னும் அரை மணி இருக்கும், போனை நீட்டினார். “தம்பி, நோன்பு வச்சா ஹார்ட்டு நின்னுருமாம்ல? பசங்க விடச் சொல்றாங்க.” பார்த்தால் என் கார்டு. மேலே இருந்த சங்கத்தின் பெயரை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் ‘அவசரம், அனைவருக்கும் பகிரவும்’ என்று மஞ்சளில் ஒரு பட்டை. எங்கள் தொழில் வழக்கப்படி அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்த என் செல் நம்பர் மட்டும் அப்படியே இருந்தது. நான் செய்ததில்லை என்று சொல்லவும் வழியில்லை.

அந்த இளம் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். விஷயத்தைச் சொன்னதும் ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு கடைக்கே வந்து, பாயையும் உட்கார வைத்து விளக்கினார். அமெரிக்க அரசு எடுக்கிற உடல்நலக் கணக்கெடுப்பிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்திருக்கிறார்கள். அதில் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்தவர்கள் வெறும் 414 பேர். சுமார் எட்டு வருடத்தில் அவர்களில் 31 பேர் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்திருக்கிறார்கள். அந்த 414 பேர் எடை குறைக்க அப்படிச் சாப்பிட்டார்களா, உடம்பு முடியாமல் சாப்பாடு குறைந்ததா, ஷிப்ட் வேலையா, கையில் காசில்லையா என்பது அந்த இரண்டு நாள் கணக்கிலிருந்து தெரியாது. ரமலான் நோன்பைப் பற்றிய ஆய்வே இல்லை அது. “ஆனா பாய், சர்க்கரை மாத்திரை எடுக்கிறீங்க, உங்க டாக்டர்கிட்ட நேரத்தை மாத்தி எழுதி வாங்கிக்குங்க” என்றும் சொன்னார். பாய் வாங்கிக்கொண்டார், மிச்ச நோன்பையும் பிடித்தார்.

கிளம்பும்போது டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் எனக்கு உறைத்தது. “இது இன்னும் மருத்துவ இதழ்ல பேப்பரா வரலண்ணே, வெறும் போஸ்டர்.”

போஸ்டர் என்றால் எனக்குத் தெரியாதா? மாநாட்டுக்கு முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு பி.ஜி. மாணவர்கள் பென் டிரைவோடு ஓடி வருவார்கள். மூன்றுக்கு நாலு அடி. ஃபான்ட் உடைந்திருக்கும், கிராஃப் மங்கலாக இருக்கும், கைடு பெயரில் எழுத்துப்பிழை இருக்கும். பிரிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, “அண்ணே, அந்த நம்பரை மட்டும் மாத்திருங்க” என்பார்கள். மறுநாள் ஹாலுக்கு வெளியே தட்டியில் இரண்டு மணி நேரம் தொங்கும். நாலு பேர் நின்று கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்காகத்தான் தொங்கவிடுவதே. அப்புறம் சுருட்டிக் குழாயில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். சிகாகோவில் எல்லாம் இதைவிட ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் போஸ்டர் என்கிற அந்தக் கட்டம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். இன்னும் எல்லோரும் கேள்வி கேட்டு முடிக்காத கட்டம் அது.

டாக்டர் அப்புறம் இன்னொன்றும் அனுப்பினார். மாநாடுகளில் சுருக்கமாகச் சொல்லப்படுகிற ஆய்வுகளில் எத்தனை பின்னால் முழுக் கட்டுரையாக வருகின்றன என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 2018-ல் கணக்குப் போட்டிருக்கிறது. மூன்று லட்சத்து ஏழாயிரம் சுருக்கங்கள். நூற்றுக்குச் சுமார் 37-தான் முழுதாக வந்தன. இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிடுகிற சோதனைகளில் மட்டும் 60 வரை. மிச்சம் எல்லாம் தப்பு என்று அர்த்தமில்லை; முழுசாகப் படித்துப் பார்க்க யாருக்கும் கையில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த 91 சதவீத ஆய்வு 2025-ல் ஓர் இதழில் முழுக் கட்டுரையாக வந்தது. இதய மரணத்தோடு தொடர்பு அதிலும் இருக்கிறது. மொத்த மரணங்களோடு அப்படித் தெளிவான தொடர்பு இல்லை. ஆக, ஆய்வைத் தூக்கிப் போடவும் முடியாது. ஆனால் பாருங்கள், அதற்குக் கார்டு செய்யச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

சதவீதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 நவம்பரில் பிலடெல்பியாவில் அதே அமெரிக்கச் சங்கத்தின் மாநாட்டில் செமாகுளூடைடு என்கிற எடை குறைப்பு ஊசியைப் பற்றி ஒரு பெரிய சோதனை முடிவு சொன்னார்கள். 17,604 பேர், எடை அதிகம், ஏற்கெனவே இதய நோய் உண்டு, சர்க்கரை இல்லை. அன்றே இதழிலும் வந்துவிட்டது. அந்த வகையில் சுத்தமான வேலை. கார்டில் நான் போட்டது ‘மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம்: 20 சதவீதம் குறைவு’. போட்டதும் பொய்யில்லை. ஆனால் மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு வந்தது, மருந்து ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஆறரைப் பேருக்கு வந்தது. அதைத்தான் சுமார் 20 சதவீதம் என்கிறோம். அதுவும் சராசரியாக மூன்று வருடத்துக்கு மேல் கவனித்து வந்த கணக்கு. எட்டு, ஆறரை என்று போட்டிருந்தால் கார்டு எடுபட்டிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். அந்த வாரம் மட்டும் என் நம்பருக்குப் பதினொரு போன். “அந்த ஊசி என்ன விலை?” ஒருவர் லால்குடியிலிருந்து மகள் கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்றார். அவருக்கு இதய நோயும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் டிசைனருங்க என்று சொன்னால், “அப்ப டாக்டர் எப்ப வருவாரு?” என்கிறார்கள்.

இதற்காக எல்லாவற்றையும் தடை செய் என்றால் எனக்கு உடன்பாடு இல்லை. 2020 ஜூன் 16 ஞாபகமிருக்கிறதா? ஆக்ஸ்போர்டில், வென்டிலேட்டரில் இருக்கிற கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு கொடுத்தால் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று அறிவித்தார்கள். வெறும் பத்திரிகைக் குறிப்பாகத்தான் முதலில் வந்தது. நம்மூரில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற பழைய மருந்து. கட்டுரை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும்! அன்று வீட்டில் இருந்தபடி நான் செய்த கார்டுக்காக இன்றும் எனக்குப் பெருமைதான்.

ஆனால் அதே அறிவிப்பில் ஒரு வரி உண்டு: ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இதனால் பலன் இல்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் அந்த வரி எங்கே போனது என்று தெரியவில்லை. எங்கள் தெருவிலேயே காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் ஸ்டீராய்டு மாத்திரையை யார் சீட்டும் இல்லாமல் வாங்கிப் போட்டவர்கள் இருந்தார்கள். சர்க்கரை தாறுமாறாக ஏறியது. அப்புறம் கரும்பூஞ்சை. அந்த மே மாதம் தமிழக அரசு அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததும், கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள் என்று டாக்டர்கள் சொன்னதும் உங்கள் பத்திரிகையிலேயே வந்ததுதான்.

ஆய்வைப் படமாகச் சுருக்கிப் போடுகிற இந்தப் பழக்கத்தைப் பிரபலமாக்கியவர் ஆண்ட்ரூ இப்ராஹிம் என்கிற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர், 2016 வாக்கில். அவரே சோதித்தும் பார்த்திருக்கிறார். 44 கட்டுரைகளை எடுத்து, ஒரு முறை வெறும் தலைப்போடும் ஒரு முறை படத்தோடும் ட்விட்டரில் போட்டார்கள். படம் போட்டபோது மறுபகிர்வு எட்டு மடங்குக்கு மேல் ஏறியது. கட்டுரையைத் திறந்து பார்த்தவர்கள் மூன்று மடங்குகூட ஏறவில்லை. இதைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். எங்கள் கடையில் எட்டுப் பேர் கல்யாணப் பத்திரிகையின் அட்டையைத் தடவிப் பார்ப்பார்கள், மூன்று பேர்தான் முகூர்த்த நேரம் படிப்பார்கள்.

சட்டம் போட்டால் தீருமா? 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் டாக்டர்களின் சமூக ஊடக நடத்தைக்கு விதிகள் கொண்டுவந்தது. லைக்கையும் ஃபாலோயரையும் காசு கொடுத்து வாங்கக்கூடாது என்றுகூட அதில் இருந்தது. மூன்றே வாரத்தில் அந்த விதிகள் முழுவதையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். காசு கட்டி போஸ்ட்டை ‘பூஸ்ட்’ பண்ணுகிற வேலையையும் நானே செய்கிறேன் என்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் பேசினால் நன்றாக இருக்காது.

எனக்குத் தோன்றுவது சின்ன விஷயம். டாக்டருக்கு டாக்டர் அனுப்புகிற கார்டு டாக்டரோடு நிற்பதில்லை. பாயின் போனுக்கும் வந்துவிடுகிறது. அதனால் கார்டில் பெரிதாகப் போடுகிற எண்ணுக்கு அடியிலேயே ஒரே ஒரு வரிக்கு இடம் விட வேண்டும். எத்தனை பேரிடம், எப்படிப்பட்டவர்களிடம் பார்த்தது. மாநாட்டில் சொன்னதா, இதழில் வந்ததா. அவ்வளவுதான். மேலே இருக்கிற லோகோவை வெட்டினாலும் இது போகாதபடி அந்த எண்ணை ஒட்டியே வைக்க வேண்டும். போன ஆறு மாதமாக என் கடையில் ஆய்வுக் கார்டு எதுவும் இந்த வரி இல்லாமல் வெளியே போவதில்லை. ஒரு வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விட்டார். மற்றவர்கள், “இது நல்லாயிருக்கே” என்கிறார்கள். இரண்டு பேர் கவனிக்கவே இல்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கோபிக்கக் கூடாது. அந்த 91 சதவீதச் செய்தி உங்கள் மருத்துவப் பக்கத்திலும் வந்தது. நாலு பத்தித் தலைப்பு. இரண்டு நாள்தான் கேட்டார்கள் என்பது கடைசிப் பத்தியில் இருந்தது. 2025-ல் கட்டுரை வந்தபோது செய்தி போட்டீர்களா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை. வெளியூர் மாநாட்டுச் செய்தி போடும்போது அந்த ஒரு வரியைத் தலைப்புக்குக் கீழேயே கொண்டுவர முடியுமா? உங்கள் பத்தி அகலத்துக்கு, எட்டு பாயிண்டில், இரண்டு வரிக்குள் அடங்கும்படி மாதிரி ஒன்று செய்து இத்துடன் இணைத்திருக்கிறேன். ஃபைல் வேண்டுமென்றால் கோரல்டிராவிலேயே அனுப்புகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
டிசைன் கடைக்காரர் ஒருவர்,
சாலை ரோடு, திருச்சி.

(பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் டாக்டர்கள் என்பதால் தயவுசெய்து வெளியிட வேண்டாம். செல் நம்பர் வேண்டவே வேண்டாம்.)