டோனி பிளேருக்காக வாதாடிய என் ஆசிரியருக்கு

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் நடந்த நம் வாசகர் கூட்டத்தில், 2003இல் அமெரிக்காவும் பிரிட்டனும் தொடுத்த ஈராக் போரைப் பற்றி நீங்கள் ஆற்றிய உரைக்குப் பிறகு, கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. அங்கே கேட்க நினைத்ததை எழுத்தில் வைக்கிறேன். அன்று வந்திருந்தவர்களும் படிக்க வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். எனக்கு வரலாறு கற்பித்தவர் நீங்கள். உங்கள் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொண்டு மறுப்பதுதான் அந்தக் கல்விக்கு நான் செய்யக்கூடிய மரியாதை.

நீங்கள் சொன்னதன் சாரம் இதுதான்: அன்றைய பிரிட்டன் பிரதமர் பிளேர் பொய் சொன்னார் என்று எந்த விசாரணையும் நிறுவவில்லை, தாம் சரியென்று நம்பியதை, நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தபோதும், பதவியே போகக்கூடும் என்று தெரிந்தும் செய்தார், ஒரு தலைவரிடம் இதற்கு மேல் எதை எதிர்பார்க்க முடியும்?

முற்பகுதியை நான் மறுக்கவில்லை. ஈராக் போரில் பிரிட்டனின் பங்கை ஆராய்ந்த ஜான் சில்காட் தலைமையிலான விசாரணைக் குழு 2016 ஜூலை 6 அன்று வெளியிட்ட அறிக்கை, 12 தொகுதிகளும் ஏறத்தாழ 26 லட்சம் சொற்களும் கொண்டது. பிளேர் வேண்டுமென்றே நாட்டை ஏமாற்றினார் என்று அதுவும் தீர்ப்பளிக்கவில்லை. தாக்குதல் தொடங்குவதற்கு முன்பே, 2003 மார்ச் 18 அன்று, அவர் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைக் கேட்டுப் பெற்றார் என்பதும் உண்மை. அவருடைய தொழிற்கட்சியினரிலேயே 139 பேர் அரசுக்கு எதிரான திருத்தத்தை ஆதரித்தார்கள். இருந்தும் தீர்மானம் 412க்கு 149 என்ற கணக்கில் நிறைவேறியது. 1988இல் ஹலப்ஜாவில் குர்து மக்கள் மீது ஈராக் அதிபர் சதாம் உசேன் நச்சுவாயு வீசியதைப் போர் எதிர்ப்பாளர்களில் சிலர் பேசாமலே கடந்துவிட்டார்கள் என்ற உங்கள் குறையும் நியாயமானதே.

ஆனால் ஐயா, பொய்யா மெய்யா என்ற அந்தக் கேள்வியோடு நீங்கள் நின்றுவிட்டீர்கள். பிளேரின் தற்காப்பு முழுவதும் நம்மை அந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பதற்காகக் கட்டப்பட்டது என்பது என் எண்ணம். 2010 ஜனவரியில் சில்காட் குழுவின் முன் அமர்ந்தபோது, இது பொய்யையோ சதியையோ வஞ்சகத்தையோ பற்றியதன்று, ஒரு முடிவைப் பற்றியது என்று அவர் சொன்னார். அதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். முடிவு என்றால், எவற்றை அறிந்திருந்த நிலையில் அது எடுக்கப்பட்டது, எவற்றை மீறி எடுக்கப்பட்டது என்று கேட்டாக வேண்டும். தெருவில் நின்று பொய்யர், பொய்யர் என்று மட்டுமே முழங்கிய எதிர்ப்பாளர்கள் அவருக்கு ஒருவகையில் உதவியே செய்தார்கள். அந்த ஒரு குற்றச்சாட்டை மறுத்துவிட்டால் மற்றவையும் மறுக்கப்பட்டதாகத் தோன்றும் நிலையை அவர்கள்தாம் உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

அந்த மார்ச் 18 உரையின் மையம் என்ன? பயங்கரவாதிகளும், பேரழிவு ஆயுதங்களை வைத்திருக்கும் கொடுங்கோல் அரசுகளும் கைகோத்துவிடும் நாள் வரலாம். அது பிரிட்டனுக்கு நேரடி ஆபத்து. ஆகவே இப்போதே செயல்பட வேண்டும் என்பதுதான். இனி, அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், பிப்ரவரி 10 அன்று, பிரிட்டனின் கூட்டு உளவுக் குழு அவருக்குக் கொடுத்த மதிப்பீட்டைப் பாருங்கள். ஈராக் மீது படையெடுத்தால் அல்-கொய்தாவின் அச்சுறுத்தல் கூடும் என்றது அது. சதாமின் ஆட்சி சரிந்தால், இரசாயன, உயிரியல் ஆயுதப் பொருட்கள் பயங்கரவாதிகளின் கைக்குப் போகும் அபாயமும் அதிகரிக்கும் என்றது. எந்த ஆபத்தைத் தடுப்பதற்காகப் போர் வேண்டும் என்று அவர் வாதாடினாரோ, அதே ஆபத்தைப் போர் பெருக்கும் என்று அவருடைய உளவுத்துறையே எழுதிக் கொடுத்திருந்தது. வாக்களித்த உறுப்பினர்கள் இந்த எச்சரிக்கையை அறியவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் நாடாளுமன்ற உளவுக் குழுவின் அறிக்கை வந்த பிறகே அது வெளியே தெரிந்தது.

இந்த ஓர் ஆவணம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. பிளேர் அதைப் படித்தார், எடைபோட்டார், தள்ளிவைத்தார். அவர் நேர்மையாகவே தள்ளிவைத்திருக்கலாம். ஆனால், தாம் எடைபோட்ட அதே தட்டில் நாடாளுமன்றமும் எடைபோட அவர் இடம் தரவில்லை. அப்படியிருக்க, 412 வாக்குகளை அவருடைய முடிவுக்குக் கிடைத்த முழுச் சான்றாக நீங்கள் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் அமைச்சர் பதவியைத் துறந்த ராபின் குக்கை நீங்கள் ஒரு வரியில் கடந்து சென்றீர்கள். அவர் முன்னாள் வெளியுறவு அமைச்சர். உளவுத் தகவல்களை நன்கு அறிந்தவர். வழக்கமாக நாம் புரிந்துகொள்ளும் பொருளில் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் அநேகமாக இல்லை என்று அவையிலேயே சொன்னார். ஐ.நா. ஆயுத ஆய்வாளர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், எஞ்சிய பணிக்கு ஆண்டுகள் தேவையில்லை, வாரங்களும் போதாது, சில மாதங்கள் வேண்டும் என்று மார்ச் 7 அன்று கேட்டிருந்தார். பின்னாளில் ஆயுதக் குவியல் எதுவும் அகப்படவில்லை. குக்கின் மனச்சான்றும் தூய்மையானதுதான். இருவருமே உளமார நம்பினார்கள் என்னும்போது, நம்பிக்கையின் தூய்மை யார் பக்கம் நியாயம் என்பதைக் காட்டித் தராது. பின்னோக்கிப் பார்த்து யாரும் குறைசொல்லலாம் என்ற உங்கள் வாதத்துக்கும் சில்காட் பதில் சொல்லியிருக்கிறார்: ஈராக்கில் உட்பூசல் வெடிக்கும், ஈரான் தன் நலனை நாடும், அல்-கொய்தா இயங்கும் என்பவையெல்லாம் படையெடுப்புக்கு முன்பே வெளிப்படையாகச் சுட்டப்பட்டிருந்தன, பின்னறிவு தேவைப்படவில்லை என்றார்.

நீங்கள் மிகவும் நெகிழ்ந்து எடுத்துக்காட்டியது பிளேரின் கிளாஸ்கோ உரை. 2003 பிப்ரவரி 15 அன்று, காவல்துறையின் கணக்கிலேயே ஏழரை லட்சம் பேர் லண்டன் தெருக்களில் போருக்கு எதிராக நடந்தார்கள். அதே நாளில் தம் கட்சிக் கூட்டத்தில், மக்களின் வெறுப்பைப் பதக்கமாக அணிய நான் விரும்பவில்லை, ஆனால் சில வேளைகளில் அது தலைமைக்குரிய விலை என்னும் கருத்தை பிளேர் சொன்னார். அதே உரையில் அவர் ஒரு கணக்கும் போட்டார். ஊர்வலத்தில் 5 லட்சம் பேர் இருந்தால், அது சதாமால் மாண்டவர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவு. 10 லட்சம் பேர் இருந்தாலும், சதாம் தொடங்கிய போர்களில் இறந்தவர்களைவிடக் குறைவு என்றார். நடந்து வந்தவர்கள் சதாமுக்காக நடக்கவில்லை. இந்தப் போர் இனிச் சாகப்போகிறவர்களின் தொகையைக் குறைக்குமா, கூட்டுமா என்று கேட்டார்கள். பிளேரோ முன்பே செத்துப்போனவர்களை எண்ணிக் காட்டினார். 2009 ஜூலைக்குள் குறைந்தது ஒன்றரை லட்சம் ஈராக்கியர்கள், அவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள், உயிரிழந்தார்கள் என்றும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள் என்றும் சில்காட் சொல்கிறார். எண்ணிக்கையை வாதமாக முதலில் வைத்தவர் பிளேர்தான். அதே அளவுகோலை அவர்மீது வைப்பது முறையே.

1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்ததை வகுப்பில் விளக்கியபோது, போரை முடிவுசெய்கிறவன் என்ன நினைத்தான் என்பதோடு நிற்காதீர்கள், அது யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள் என்று எங்களுக்குச் சொன்னவர் நீங்கள். அதைத்தான் இப்போது திருப்பிக் கேட்கிறேன்.

போரை விமர்சிப்பது படைவீரர்களை அவமதிப்பதாகும் என்று கூறி, 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து திரும்பிய இந்திய அமைதிப் படையின் கடைசிப் பிரிவினர் நம் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லாததை நினைவூட்டினீர்கள். அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அங்கே தமிழ்ப் பொதுமக்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். இரண்டு துயரங்களும் உண்மையானவை. அவற்றில் எதுவும், படையை அனுப்பிய முடிவை யாரும் ஆராயக்கூடாது என்பதற்குக் காரணமாகாது. ஈராக்கில் இறந்த 179 பிரிட்டிஷ் படையினரின் குடும்பத்தார் பலர், விசாரணை வேண்டும் என்று முன்னின்று கேட்டவர்கள். தங்கள் பிள்ளைகளை அவர்கள் அவமதித்தார்கள் என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

மக்களின் எதிர்ப்பைத் தாங்கி நிற்பதுதான் தலைமை என்றால், வல்லரசின் நெருக்குதலைத் தாங்கி நின்றதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2003 ஜூலையில், ஈராக்குக்குப் படை அனுப்பும்படி அமெரிக்கா வற்புறுத்தியபோது, ஐ.நா.வின் தெளிவான ஆணையில்லாமல் அனுப்ப இயலாது என்று வாஜ்பாய் அரசு மறுத்தது. அந்த அரசின் மற்றச் செயல்கள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை, இதில் உண்டு. உங்கள் உரையில் இந்த முடிவு இடம்பெறவே இல்லை.

இதே பொருளில் அடுத்த மாதமும் பேசப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அன்று பிப்ரவரி 10 மதிப்பீட்டைப் பற்றி நாடாளுமன்றக் குழு எழுதிய பகுதியையும், மார்ச் 18 உரையையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் உங்கள் முடிவு மாறவில்லையென்றால், அதற்கான காரணத்தைக் கேட்க நான் முன்வரிசையில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் பழைய மாணவன்,
புதுவண்ணாரப்பேட்டை