தும்பைக்கும் ஓர் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தெருமுனைக் காலிமனையில் மழைக்குப் பின் தும்பை முளைத்து வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. போன வாரம் களைக்கொல்லி அடித்துவிட்டார்கள். இரண்டே நாளில் எல்லாம் கருகிப்போனது. பார்க்க வயிறு எரிந்தது.

தும்பை நம் மண்ணின் செடி. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தரிசு, வயல்வரப்பு, சாலையோரம், எங்கே வெயில் விழுகிறதோ அங்கே முளைக்கும். முழங்கால் உயரம்தான். ஆனால் காலையில் அதனருகே நின்று பாருங்கள், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் ஓயாமல் வந்து போகும். சின்ன வயதில் பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சியவர்களுக்கு அந்த ருசி தெரியும். போருக்குப் போன வீரர்கள் சூடிய பூ இது; பழந்தமிழ் இலக்கணத்தில் போரைச் சொல்லும் புறத்திணை ஒன்றுக்கே தும்பை என்றுதான் பெயர்.

நர்சரிகளில் வெளிநாட்டுப் பூச்செடிகளைக் காசு கொடுத்து வாங்குகிறோம். சரி, வாங்குவோம். அப்படியே ஒரு தொட்டியைத் தும்பைக்கும் ஒதுக்கலாமே! காய்ந்த பூங்கொத்தை உதிர்த்து மண்ணில் தூவினால் போதும். உரம் வேண்டாம், தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் சரி. விதை உதிர்ந்து அடுத்த மழைக்குத் தானே முளைக்கும்.

காலிமனைகளைச் சுத்தம் செய்பவர்கள் மருந்து அடிக்காமல், பூத்து விதை விழுந்த பிறகு கையால் அறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு வாசகர், மதுரை